இறங்கி வர ஓர் இடம்

காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவரிடம் நாட்டின் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான் உண்டு. "ஒரு ஆறு மாசம் கண்டிப்பான ஆள் ஒருத்தர் கையில நாட்டைக் கொடுத்துப் பாருங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்பார். குப்பை அள்ளாத தெருவுக்கும் அதே மருந்து, சட்டமன்ற அமளிக்கும் அதே மருந்து. நான் அவரோடு வாதாடுவதில்லை. வரலாற்று வாத்தியாராகக் காலம் கழித்தவனுக்கு ஒரு வசதி உண்டு: யார் என்ன யோசனை சொன்னாலும், அதை முன்பே செய்து பார்த்தவர்கள் எங்காவது இருப்பார்கள். நண்பர் சொல்வதை, அதே ஆறு மாதக் கெடுவோடு, ரோமானியர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள்.

கி.மு. 509இல் கடைசி மன்னனைத் துரத்திவிட்டு ரோம் குடியரசானது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கணக்கு. மன்னன் இருந்த இடத்தில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு கான்சல்களை வைத்தார்கள். போர் முற்றி, இரண்டு தலைமை இடைஞ்சல் என்ற நிலை வந்தால் கான்சல்களில் ஒருவர் ஒரு சர்வாதிகாரியை நியமிப்பார். இன்ன வேலைக்கு என்று சொல்லித்தான் நியமனம். வேலை முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். முடியாவிட்டாலும் ஆறு மாதத்தில் இறங்கிவிட வேண்டும். குதிரை மேல் ஏறக்கூட அவர் தனி அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்று புளூடார்க் எழுதுகிறார். கண்டிப்பான ஆளை எவ்வளவு கண்டிப்போடு வைத்திருந்தார்கள் பாருங்கள்.

இதில் எல்லோரும் சொல்லும் கதை சின்சினாட்டஸுடையது. கி.மு. 458இல் ஒரு கான்சலின் படை மலையடியில் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டது. டைபர் நதிக்கு அப்பால் தன் சின்ன நிலத்தில் உழுதுகொண்டிருந்த சின்சினாட்டஸை அழைத்து வந்து சர்வாதிகாரி ஆக்கினார்கள். படையை மீட்டார், பதினாறாம் நாள் பதவியை விட்டுவிட்டு மறுபடி ஏர் பிடிக்கப் போனார். நானூறு வருடம் கழித்து லிவி எழுதிய கதை இது. எவ்வளவு உண்மையோ, எவ்வளவு ஆசையோ. ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லி வளர்க்கிறது என்பதே ஒரு தகவல்தான். வென்றவனைவிட, வென்றபின் வீடு திரும்பியவனை அவர்கள் உயர்த்தி வைத்தார்கள்.

வகுப்பில் இந்தக் கதையை நடத்தும்போதெல்லாம் இதன் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே நடத்துவேன். பாடப்புத்தகத்தில் அது இருக்காது. கி.மு. 439இல் பஞ்சம். ஸ்பூரியஸ் மேலியஸ் என்ற பணக்காரர் தன் காசில் தானியம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். இவன் மன்னனாகப் பார்க்கிறான் என்று பெரிய குடும்பங்களுக்குச் சந்தேகம். கிழவர் சின்சினாட்டஸை மறுபடி சர்வாதிகாரி ஆக்கினார்கள். விசாரணைக்கு வர மறுத்த மேலியஸை அவருடைய உதவித் தளபதி நடுச்சந்தையில் குத்திக் கொன்றார். சின்சினாட்டஸ் அந்தக் கொலையைப் பாராட்டினார். அதே உழவர், அதே பதவி. நண்பர் கேட்கும் கண்டிப்பான ஆள் முதல் கதையில் வருபவரா, இரண்டாம் கதையில் வருபவரா என்பதை நியமன உத்தரவை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது.

சரி, நெருக்கடியை விடுவோம். அன்றாட ஆட்சி எப்படி நடந்தது? இரண்டு கான்சல்களுக்கும் சம அதிகாரம், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். சம்பளம் கிடையாது. ஓராண்டு முடிந்தால் வீட்டுக்கு. சாதாரண மக்களுக்கு இதிலும் நியாயம் கிடைக்கவில்லை. கடனுக்காக அடிமையாக்கப்பட்டவர்களும் போருக்கு மட்டும் அழைக்கப்பட்டவர்களும் கி.மு. 494இல் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்குத் தெரிந்த பழைய பொது வேலைநிறுத்தங்களில் இது ஒன்று. அதில் கிடைத்ததுதான் டிரிப்யூன் என்ற மக்கள் காவலர் பதவி. டிரிப்யூன் மீது யாரும் கை வைக்கக் கூடாது. எந்த அதிகாரியின் ஆணையையும் அவர் தடுத்து நிறுத்தலாம். அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருக்க வேண்டும், யாரும் எந்நேரமும் முறையிட வரலாம் என்பதற்காக. இந்தக் கதவு விதி எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊர் உறுப்பினர்களின் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதை இத்தனை வருடம் பார்த்தவன் நான்.

ஆனால் இந்த அமைப்பை இன்று அப்படியே எடுத்து வைக்கலாம் என்பவர்கள் வாக்குச்சீட்டுக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள். கான்சலைத் தேர்ந்தெடுக்கும் சபையில் தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது. மக்கள் 193 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, பிரிவுக்கு ஒரு ஓட்டு. லிவி தரும் கணக்குப்படி குதிரைப்படைச் செல்வந்தர்களுக்கு 18 பிரிவு, அடுத்த பணக்கார வகுப்புக்கு 80. இந்த இரண்டும் ஒத்துப்போனாலே பெரும்பான்மை. பெரும்பான்மை வந்ததும் வாக்கெடுப்பை நிறுத்திவிடுவார்கள். சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பிரிவு, அதுவும் கடைசியில். பிறகு இந்தக் கணக்கைக் கொஞ்சம் திருத்தினார்கள், அடிப்படை மாறவில்லை. ஓட்டுப் போட ரோமுக்கே நேரில் வர வேண்டும். பெண்களுக்கு ஓட்டு இல்லை. போரின்போது அவர்களின் நகைக்கும் உடைக்கும் விதித்த கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லி கி.மு. 195இல் அவர்கள் தெருவில் திரண்டு, கான்சல் கேட்டோவின் எதிர்ப்பையும் மீறி வென்றார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த வழி. அடிமைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். இதைக் குடியரசு என்று சொல்லலாம், மக்களாட்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

தடுக்கும் அதிகாரத்தின் கதையும் நன்றாக முடியவில்லை. கி.மு. 133இல் டிரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், பெருநிலக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்த பொது நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துத் தர ஒரு மசோதா கொண்டுவந்தார். இன்னொரு டிரிப்யூனான ஆக்டேவியஸ் அதைத் தடுத்தார். மக்களுக்காக உருவான ஆயுதம் மக்களுக்கு எதிராகவே திரும்பியது. டைபீரியஸ் சபையைக் கூட்டி ஆக்டேவியஸைப் பதவியிலிருந்தே நீக்கினார். அதுவரை யாரும் செய்யாத காரியம். பிறகு தானே மறுபடி டிரிப்யூனாக நின்றார். செனட்டர்கள் சிலர் ஆட்களோடு வந்து பெஞ்சுக் கால்களை உடைத்து அவரையும் அவருடைய ஆதரவாளர்கள் முந்நூறு பேரையும் அடித்தே கொன்று டைபர் நதியில் எறிந்தார்கள்.

கி.மு. 59இல் அதே நாடகம் வேடிக்கையாக நடந்தது. சீசரும் பிபுலஸும் கான்சல்கள். சீசரின் நிலச் சட்டத்தைத் தடுக்கப் போன பிபுலஸின் தலையில் சாணத்தைக் கொட்டினார்கள். அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வானத்தில் தீய சகுனம் தெரிகிறது, சபை நடப்பது செல்லாது என்று மீதி வருடம் முழுக்க அறிவிப்பு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டின் கான்சல்கள் ஜூலியஸும் சீசரும்தான் என்று ஊர் சிரித்தது.

இரட்டைத் தலைமையை நவீன காலத்திலும் முயன்றிருக்கிறார்கள். 1960இல் விடுதலை பெற்ற சைப்ரஸில் கிரேக்கக் குடியரசுத் தலைவர், துருக்கியத் துணைத் தலைவர், இருவருக்கும் தடுப்பு அதிகாரம். 1963 டிசம்பரில் தெருவில் ரத்தம் ஓடியது, அமைப்பு சரிந்தது. இன்னொரு பக்கம், இத்தாலிக்கு நடுவே இருக்கும் சான் மரினோ. 1243 முதல் இன்றுவரை அங்கே நாட்டுத் தலைவர்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். இறங்கியவர் மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி வர முடியாது. இறங்கியதும், பதவியில் அவர்கள் செய்ததைப் பற்றிக் குடிமக்கள் புகார் கொடுக்க முறையான வழி உண்டு. சின்ன நாடு, சில்லறை அதிகாரம், அதனால் நடக்கிறது என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்குவதில்லை. அங்கே இறங்குவது ஒரு சம்பவமே இல்லை; அதுதான் என் கண்ணில் படுகிறது.

ரோமிலும் முதல் முந்நூற்றைம்பது ஆண்டுகள் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அண்டை நாட்டு மன்னர்கள் சாகும்வரை சிம்மாசனத்தைப் பற்றிக்கொண்டிருந்த காலத்தில், படை வென்று வந்த ஒரு கான்சல் ஆண்டு முடிந்ததும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் சாதாரண ஆளாக எப்படி நடந்து போனார்? நல்லவர்களாக இருந்ததாலா? எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான். அவர்களுக்கு இறங்கிப் போக ஓர் இடம் இருந்தது. அதுதான் செனட். கான்சலாக இருந்தவர் ஆயுள் முழுக்க அங்கே உட்காரலாம். விவாதத்தில் முன்னாள் கான்சல்களின் கருத்தைத்தான் முதலில் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் போய்விடும், சொல்லுக்கு இருந்த மதிப்பு போகாது. போன வருடம் ஆண்டவரிடம் இந்த வருடம் ஆள்பவர் வந்து யோசனை கேட்பார்.

இதன் அருமை எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, ஊரில் புரிந்தது. எங்கள் பகுதி வாசகசாலைக் கமிட்டியில் பொருளாளர் ஒருவர் இருந்தார். காசில் அப்பழுக்கில்லாத மனிதர். ஆனால் தேர்தல் என்றால் கோரம் சேராது, கணக்குப் புத்தகம் தணிக்கைக்குப் போயிருக்கும், சாவி மகன் வீட்டில் இருக்கும். பதவி ஆசை என்று இளைஞர்கள் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி போய்விட்டார், பிள்ளைகள் வெளியூர். மாலை ஐந்து மணிக்கு அவர் போய் உட்கார இருந்த ஒரே நாற்காலி அது. கடைசியில் ஒரு பெரியவர் ஒரு யோசனை சொன்னார்: அந்த நாற்காலியை அவருக்கே விட்டுவிடுங்கள், புதுப் பொருளாளருக்கு வேறு நாற்காலி போடுங்கள், புத்தகம் வாங்கும் பட்டியலை இவர் பார்த்துத் தரட்டும். மறுவாரமே கணக்கு, சாவி எல்லாம் வந்து சேர்ந்தன. ஓய்வு பெறும் தலைமையாசிரியர்கள், கடையை மகனிடம் கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் என்று பிறகு பலரிடம் இதையே பார்த்தேன். விடமாட்டேன் என்று பிடிப்பவர்களில் பாதிப் பேர் பேராசைக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அடுத்த நாள் காலை எங்கே போவது என்று தெரியாது.

ரோமில் இறங்கி நிற்க இருந்த அந்த இடம்தான் சிறிது சிறிதாகக் காணாமல் போனது. மேலே போனால் கிடைப்பது பெருகியது, கீழே வந்தால் நடப்பது பயங்கரமானது. வென்ற நாடுகளிலிருந்து மாகாண ஆளுநர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சிசிலியைச் சூறையாடிய வெரஸ் போன்றவர்களை விசாரிக்க நீதிமன்றம் இருந்தது, கி.மு. 70இல் சிசரோவின் வாதத்துக்குத் தாங்காமல் வெரஸ் ஊரைவிட்டே ஓடினார். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த நீதிமன்றத்தில் நடுவர்களாக உட்காருவது செனட்டர்களா, செல்வந்த வணிக வகுப்பா என்பதே பெரிய அரசியல் சண்டையாகிவிட்டது. ஆசிய மாகாணத்தில் வரி வசூலிப்பவர்களின் கொள்ளையைத் தடுத்த ருட்டிலியஸ் ரூஃபஸ் மீது அவரே கொள்ளையடித்தார் என்று வழக்குப் போட்டார்கள். நடுவர்கள் அந்த வரி வசூல்காரர்களின் கூட்டத்தார். கி.மு. 92இல் தண்டனை. நாடுகடத்தப்பட்டு அவர் எங்கே போய் வாழ்ந்தார் தெரியுமா? அவர் கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட அதே மக்களிடம். அவர்கள் அவரைக் கொண்டாடி வரவேற்றார்கள். தீர்ப்பு பொய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ரோமில் இருந்த மற்றவர்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு: குற்றம் செய்தாலும் செய்யாவிட்டாலும், கீழே இறங்கினால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது படை. ஒருவரே மறுபடி கான்சலாகத் தடை இருந்தும், வடக்கிலிருந்து வந்த படையெடுப்புப் பயத்தில் மாரியஸை கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து ஐந்து முறை கான்சல் ஆக்கினார்கள். பயம் நியாயமானது, வெற்றியும் வந்தது. விதி மட்டும் திரும்பி வரவில்லை. கி.மு. 88இல் சுல்லா சொந்தப் படையோடு ரோமுக்குள் நுழைந்தார். சில ஆண்டுகளில் மறுபடி வந்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைச் சந்தையில் ஒட்டினார். நூற்றிருபது ஆண்டுகளாக யாரும் வகிக்காமல் கிடந்த சர்வாதிகாரி பதவியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார், ஆறு மாதக் கெடு இல்லாமல்.

அந்த சுல்லா செய்த ஒரு காரியத்தை இன்றுவரை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர் தானாகவே பதவியை விட்டார். காவலர் இல்லாமல் சந்தையில் நடந்தார். ஒரு இளைஞன் வீடு வரைக்கும் பின்னாலேயே வந்து வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இனி இப்படிப்பட்ட அதிகாரத்தை யாரும் விட்டு இறங்காமல் இவன் செய்துவிடுவான் என்று சொன்னதாக அப்பியன் எழுதுகிறார். பிற்காலத்தில் சீசர், பதவியை விட்ட சுல்லாவுக்கு அரசியலின் அரிச்சுவடியே தெரியவில்லை என்று கேலி செய்தாராம். திட்டிய பையன் பக்கம் நியாயம் இருந்தது, சந்தேகமே இல்லை. சுல்லா சொன்னதும் நடந்தது.

சீசர் விஷயத்துக்கு வருவோம். கால் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) படைத்தலைமை முடிந்து சாதாரண ஆளாக ஊருக்குள் வந்தால் வழக்குப் போடுவோம் என்று எதிரிகள் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிசரோவுக்கு நடந்தது சீசருக்குத் தெரியும்: கான்சலாக இருந்து சதியை அடக்கியவர், ஐந்தே ஆண்டில் நாடுகடத்தப்பட்டார், வீடு இடிக்கப்பட்டது. கி.மு. 50 டிசம்பரில் சீசரும் அவருடைய போட்டித் தளபதி பாம்பேயும் இருவருமே படையைக் கலைக்கட்டும் என்ற தீர்மானம் செனட்டில் வந்தபோது 370 பேர் ஆதரித்தார்கள், 22 பேர் எதிர்த்தார்கள் என்கிறார் அப்பியன். ஏறக்குறைய எல்லோரும் சமாதானத்தை விரும்பினார்கள். அந்த 22 பேரின் பிடிவாதம் வென்றது. அடுத்த மாதம் சீசர் ரூபிகான் நதியைத் தாண்டினார். கி.மு. 44இல் அவர் வாழ்நாள் சர்வாதிகாரி. மார்ச் 15 அன்று செனட் கூட்டத்திலேயே குத்திக் கொன்றார்கள். சீசரை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கீழே கத்தியோடு நின்றுகொண்டு ஒருவனை இறங்கு, இறங்கு என்றால் அவன் ஏணியை உதைத்துத் தள்ளவே பார்ப்பான்.

பிறகு வந்த அகஸ்டஸ் எதையும் ஒழிக்கவில்லை. கி.மு. 27இல் குடியரசைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அறிவித்தார். செனட் கூடியது. கான்சல்கள் ஆண்டுதோறும் வந்தார்கள். அந்தப் பதவி கி.பி. 541 வரை நீடித்தது. டிரிப்யூன் ஆகாமலே டிரிப்யூனின் அதிகாரத்தை அகஸ்டஸ் எடுத்துக்கொண்டார். மக்களுக்காகத் திறந்திருந்த அந்தக் கதவு கடைசியில் அரண்மனைக் கதவாயிற்று. 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கிடைத்த புதையலில் 501 ரோமானியத் தங்கக் காசுகள். பேரரசர்களின் முகங்கள், பெரும்பாலானவற்றில் அந்த முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு. நம் கடற்கரைக்கு ரோம் வந்து சேர்ந்தபோது குடியரசு முடிந்துபோயிருந்தது.

ஆக, ரோம் இன்றைக்கு மாதிரியாகுமா? அமெரிக்காவை உருவாக்கியவர்கள் இதை உட்கார்ந்து யோசித்தவர்கள். செனட் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1783 டிசம்பரில் படைத்தலைமையை விட்ட வாஷிங்டனை சின்சினாட்டஸ் என்று கொண்டாடினார்கள். இரண்டு கான்சல் முறையை மட்டும் வேண்டாம் என்றார்கள். ஆட்சித் தலைமையைப் பிரிப்பது ஆபத்து என்று 1788இல் ஹாமில்டன் ரோமையே சாட்சி காட்டி எழுதினார். நம் அரசியல் சட்டத்திலும் ஆறு மாதம் என்ற கெடு உண்டு: 1975 முதல் 1977 வரை நடந்ததைப் பார்த்த பிறகு, 1978இல் வந்த 44ஆவது திருத்தத்தின்படி, நெருக்கடி நிலையை நீட்டிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப ஏற்கனவே சட்டத்துலயே இருக்கா சார்?" என்று மகிழ்ந்தார். அவரைத் திருத்த முடியாது.

என்னைக் கேட்டால் ரோமிடம் கடன் வாங்க வேண்டியவை ஓராண்டுப் பதவியோ இரட்டைத் தலைமையோ அல்ல. முன்னாள் ஆட்சியாளருக்கு அங்கே ஓர் இருக்கை இருந்தது, அதை வாங்கலாம். கூடவே அவர்கள் கடைசிவரை அமைக்கத் தவறியதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எந்தக் கட்சியும் பரிசாக வெல்ல முடியாத நீதிமன்றம். வெரஸ் மாட்ட வேண்டும், ருட்டிலியஸ் தப்ப வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் மேலே இருப்பவர் இறங்கமாட்டார்.

1953 ஜனவரியில் பதவி முடிந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் மிசௌரியில் உள்ள தன் சொந்த ஊருக்கு ரயிலில் திரும்பினார். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு அப்போது ஓய்வூதியமே கிடையாது. அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் பழைய ராணுவப் பணிக்கானது மட்டும்தான். 1958இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுக்கென்று ஓர் ஓய்வூதியமும் அலுவலகமும் ஒதுக்கிச் சட்டம் போட்டது. அந்தச் செலவைப் பற்றி அங்கே இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது மலிவான செலவாகவே படுகிறது.